மறுகாற்று

சிலுவைத்துறைக்காரர்கள் எதற்கு வேண்டுமானாலும் பெயர் வைத்துவிடுவார்கள், கரையில் ஒதுங்கிய ஒற்றைக் கால் பிளாஸ்டிக் பொம்மைக்குக்கூட ஞானஸ்நானப் பெயர் வைத்து ஒரு வாரம் கொஞ்சியவர்கள் அவர்கள், அப்படிப்பட்டவர்கள் காற்றை மட்டும் விட்டுவைப்பார்களா. மேற்கே இருந்து மணலை வாரி முகத்தில் அடிப்பது கச்சான், வடக்கே இருந்து வந்து முழங்கால் மூட்டுக்குள் குடியேறுவது வாடை, கிழக்கே இருந்து மழையை மடியில் கட்டிக்கொண்டு வருவது கொண்டல், தெற்கே இருந்து வருவது சோழகம் என்று ஒன்றையும் விடாமல் பெயர் சூட்டி, சொந்தக்காரர்களைப் போலத் திட்டவும் செய்வார்கள். ஒரே ஒரு காற்றுக்குத்தான் அவர்களால் பெயர் வைக்க முடியாமல் போயிற்று. அந்தக் காற்றில்தான் பெர்பெத்துவின் புருசன் கஸ்பார் கடலுக்குப் போனான்.

அது ஆடி மாதம். கச்சான் கண்மண் தெரியாமல் அடிக்க வேண்டிய மாதத்தில் ஒரு காலையில் அது சட்டென்று நின்றுவிட்டு, கிழக்கா தெற்கா என்று சொல்ல முடியாத ஒரு பக்கத்திலிருந்து, அடுப்படிக்குள்ளிருந்து வருவது போன்ற வெதுவெதுப்போடு வேறொரு காற்று வந்தது, மணலைக் கிளப்பவில்லை, அலையைக் கிளப்பவில்லை, கோயில் கொடிமரத்துக் கொடியை ஒரு பக்கமாகவும் பறக்க விடாமல் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஊர் ஆண்கள் தலையைச் சொறிந்துகொண்டு கரையில் நிற்க, கஸ்பார் மட்டும் தன் சின்ன வத்தைப் படகில் பாய் விரிக்கப் புறப்பட்டான், புறப்படும்போது வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்றான். பெர்பெத்து ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டு வாயில் ஊதுகுழலோடு குனிந்திருந்தாள், குழலை எடுத்துவிட்டு "போயிட்டு வாங்க" என்று சொல்ல நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது.

கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடம்பும் கரை சேராமல் போனால் சிலுவைத்துறையில் உடனே அழுது முடித்துவிட மாட்டார்கள். அவன் போன காற்று மறுபடி வரும்வரை பொறுப்பார்கள். கச்சானில் போனவனுக்கு அடுத்த கச்சான், வாடையில் போனவனுக்கு அடுத்த வாடை. அது அடிக்கத் தொடங்கும் முதல் நாள் ஊரே மெழுகுவத்தியோடு கரையில் கூடும், காற்று ஆளைக் கொண்டுவந்து விட்டால் சரி, விடாவிட்டால் பங்குச்சாமியார் செபம் சொல்வார், பெண்சாதி தாலியைக் கழற்றிக் கோயில் உண்டியலில் போடுவாள், அதுவரை திறந்தே கிடந்த வீட்டின் கடல்பக்கக் கதவுக்கு அன்றைக்குத்தான் தாழ் போடுவார்கள். இதற்கு மறுகாற்று என்று பெயர். வந்த சாமியார்கள் எல்லாரும் இது வேதத்தில் எங்கேயும் இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தாங்களும் ஒரு மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

கஸ்பார் போன காற்று மறுவருடம் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை, பெர்பெத்துவின் தலையில் நரை வந்தது, காற்று வரவில்லை. அவள் பெண்சாதியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. கல்யாண வீட்டில் பாதிப் பேர் அவளைச் சந்தனம் பூச முன்னால் கூப்பிடுவார்கள், மீதிப் பேர் அவள் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை நைசாக வாங்கிக்கொள்வார்கள், அவளும் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் பந்தலின் நடுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அழலாம் என்று நினைத்தால் அவன் உயிரோடு இருந்தால் பாவமாயிற்றே என்று தோன்றும், சிரிக்கலாம் என்றால் அவன் செத்திருந்தால் அதைவிடப் பாவம். இப்படியே குழம்பிக் குழம்பி அவளுக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் தாரிணி வந்தாள். எங்கேயோ ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ப் பெண், பெர்பெத்துவின் வீட்டு மாடியறையை வாடகைக்குப் பிடித்து, அவள் வைக்கிற மீன்குழம்பைக் கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டுக்கொண்டு, அனுமதி வாங்கி ஆட்களைக் கூட்டிப் போய்க் கடலுக்குள் கிடந்த ஒரு பெரிய பவளப் பாறையில் துளை போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான வெள்ளைக் கல்தண்டை உருவிக்கொண்டு வந்தாள். மூடிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் அதை நீளவாக்கில் அறுத்து மேசைமேல் கிடத்தினாள். வாழைத்தண்டு வாங்கி வந்ததைப் போலப் பெண்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இது எதுக்கு டாக்டரம்மா?" என்று பெர்பெத்து கேட்டாள்.

"அக்கா, பூமியோட இடுப்பைச் சுத்தி காத்து ஒரு பெரிய சக்கரம் மாதிரி சுத்திட்டு இருக்கு. சூடான கடல் மேல இருந்து ஏறும், வேற எங்கயோ போய் இறங்கும். ஏறுற இடத்துல மழை, இறங்குற இடத்துல வறட்சி. அந்தச் சக்கரம் எரநூறு வருசத்துல எப்படி இடம் மாறிச்சு, எப்பல்லாம் தளர்ந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். அப்ப அளந்து வெச்ச ஆள் யாரும் இல்ல. ஆனா பவளம் வருசத்துக்கு ஒரு கோடு வளருது. அந்தந்த வருசத்துக் கடல் சூடு, மழை எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ள பத்திரமா இருக்கு."

"காத்துமா இருக்கு?"

"காத்து இருக்காதுக்கா. காத்தோட அடையாளம் இருக்கும்" என்று தாரிணி சொல்லிவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்ன இயந்திரத்தால் தண்டின் மேல்நுனிக் கோட்டைச் சுரண்டினாள். போன வருடத்துக் காற்று வெளியே வந்தது.

அது போன வருடத்துக் காற்றுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் போன வருடத்துத் திருவிழாவில் காணாமல் போன பக்கத்து வீட்டுச் செலஸ்தினாளின் ஜரிகைத் துணி அதே காற்றில் அதே மாதிரி படபடக்கிற சத்தம் கேட்டது, துணி இல்லை, சத்தம் மட்டும். பொழுது சாயும்வரை அடித்துவிட்டு நின்றது. மறுநாள் தாரிணி அடுத்த கோட்டைச் சுரண்ட அதற்கு முந்தின வருடத்துக் காற்று வந்தது, அதற்கு மறுநாள் அதற்கும் முந்தினது. தாரிணி இரண்டு நாள் சாப்பிடாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள், பிறகு சாப்பிட்டாள். ஊர்க்காரர்கள் அந்த இரண்டு நாளைக்கூட வீணாக்கவில்லை.

காலையில் தண்ணீர்க் குழாயடியில் "என்ன மைனி, இன்னைக்கி எந்த வருசத்துக் காத்து?" என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கருவாட்டுக்காரிகள் காற்று நன்றாக அடித்த வருடங்களை ஞாபகப்படுத்தி அந்த நாளுக்கென்று மீனைக் கீறி உப்பில் போட்டு வைத்தார்கள், கைப்பேசியில் காற்று மேற்கே என்று காட்டும், முகத்தில் கிழக்கே இருந்து அடிக்கும், இளவட்டங்கள் கைப்பேசியை மடியில் சொருகிவிட்டு முகத்தை நம்பினார்கள், பாகப்பிரிவினையில் அண்ணனும் தம்பியும் மண்வெட்டியைத் தூக்கிய வருடத்துக் காற்று வந்த அன்று அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் முன்கூட்டியே மண்வெட்டிகளைக் கோயிலில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். வருடம் பின்னால் போகப் போகக் காற்றில் பாலித்தீன் பை பறக்கிற சத்தம் குறைந்தது, டீசல் வாடை குறைந்தது, கருப்பட்டி காய்ச்சுகிற வாசனை எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்கிற இஞ்ஞாசி மட்டும் ஒவ்வொரு நாளும் வருடத்தைத் தப்பாகவே சொன்னார், ஊரும் அவர் சொன்ன வருடத்தை விட்டுவிட்டுச் சரியான வருடத்துக்கு வந்து சேர்ந்தது.

பெர்பெத்துவுக்குத்தான் முதலில் கணக்குப் புரிந்தது. காற்று ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போகிறதென்றால் அந்தப் பெயரில்லாத காற்றும் வந்தே தீரும். ஊருக்கும் கொஞ்சம் தாமதமாக இது உறைத்தது. உறைத்ததும் மெழுகுவத்திப் பெட்டிகள் வந்து இறங்கின, செலஸ்தினாள் வெள்ளைச் சேலை ஒன்று எடுத்து வந்து, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே அரைநாள் பேசிவிட்டுத் திரும்பிப் போனாள்.

"உனக்கு விடிவு வருது பெர்பெத்து" என்றார்கள் சிலர்.

"ஆளே வந்தாலும் வந்துருவாரு, யாரு கண்டா" என்றார்கள் சிலர்.

பெர்பெத்து இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். ராத்திரி உலையில் அரிசி போடும்போது அவனுக்கும் சேர்த்து ஒரு பிடி போட்டாள், பிறகு எடுத்தாள், பிறகு மறுபடி போட்டாள், சோறு குழைந்துபோயிற்று.

அந்த நாளும் வந்தது. தாரிணி சுரண்டுகிற சத்தம் கரைவரை கேட்டது, பிறகு நின்றது, பிறகு அது வந்தது: கிழக்கும் இல்லை, தெற்கும் இல்லை, அதே வெதுவெதுப்பு, கொடிமரத்துக் கொடி கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வர, கரையில் நின்றவர்கள் கையிலிருந்த மெழுகுவத்திச் சுடர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தன. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். கடலில் ஒன்றும் இல்லை. பங்குச்சாமியார் புத்தகத்தைத் திறந்து தொண்டையைச் செருமினார்.

"நில்லுங்க சாமி" என்றார் இஞ்ஞாசி. "இது மறுகாத்து இல்ல."

"வேற என்ன?"

"இது அதே காத்து. அன்னைக்கி அடிச்சதேதான். மறுகாத்துன்னா போன காத்து திரும்பி வரணும். இது இன்னும் போகவே இல்லியே. கஸ்பாரு இந்தக் காத்துல இப்பத்தான பொறப்படுதான்? பொறப்படுத ஆளுக்கு எப்படிச் சாமி பூசை வைப்பிய?"

வாழ்க்கையில் முதல்தடவையாக இஞ்ஞாசி சொன்னதை ஊர் காதில் வாங்கியது. பாதிப் பேர் மெழுகுவத்தியை அணைத்தார்கள், அணைத்தவர்களைப் பார்த்து மீதிப் பேர் திட்டினார்கள், திட்டு வாங்கியவர்கள் மறுபடி ஏற்றினார்கள், சாமியார் எந்தப் பக்கத்தைப் படிப்பதென்று தெரியாமல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். யாரோ ஓடிப்போய்த் தாரிணியைக் கூட்டி வந்தார்கள். அவள் வெள்ளைத் தூள் படிந்த கையோடு வந்து நின்று, "எனக்கும் புரியலைங்க. இந்த ஒரு கோட்டுல மட்டும் எல்லாமே தலைகீழா இருக்கு. அந்த வருசம் சக்கரம் நின்னுச்சா, திரும்பிச் சுத்துச்சான்னே தெரியல" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

பெர்பெத்து யாரையும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது அவளுடைய வீட்டு வாசலில் ஒருவன் நின்று போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதுதான். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள், வாசலில் காற்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அவள் வாயைத் திறந்தாள். போயிட்டு வாங்க என்று சொன்னால் இன்னும் ஒரு ஆயுசு காத்திருக்க வேண்டும், போகாதிய என்று சொன்னால் போனவன் போனவன்தானே, எந்தச் சொல்லும் சரியாக இல்லை, ஊதுகுழல் இல்லாமலேயே அவள் வாய் அடைத்துக்கொண்டது. பொழுது சாய்ந்தது, காற்று நின்றது. தாலி கழுத்திலேயே கிடக்க, ஊர் பாதி எரிந்த மெழுகுவத்திகளோடு வீடு திரும்பியது.

மறுநாள்தான் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. தாரிணி அடுத்த கோட்டைச் சுரண்டியதும் அதற்கு முந்தின வருடத்துக் காற்று வந்தது, அந்த வருடம் கஸ்பார் கரையில் இருந்தான். கடல்பக்கக் கதவின் வழியாகக் காற்று வீட்டுக்குள் நுழைந்தது, நனைந்த துண்டைக் கதவு நிலையில் அடித்து உதறுகிற சத்தம், கயிற்றின் தார் வாசனை, பீடி வாசனை, அடுப்பின்மேல் தொங்கிய உறியை அவன் தலை இடிக்கிற மாதிரியே இடித்து ஆட்டிவிட்டுப் போயிற்று. பெர்பெத்து கையில் அகப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், நேற்று அவளைக் கைம்பெண்ணாக்க வந்த ஊர் இன்று அவள் சிரிப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உப்பு கடன் கேட்டுவிட்டுப் போனது.

நாளுக்கு நாள் அவன் இளையவனாகிக்கொண்டே வந்தான். கடைசியில் அவர்களுக்குக் கல்யாணம் ஆன வருடத்துக் காற்று வந்தது, பிச்சிப்பூ வாசனையும் புதுச் சுண்ணாம்பு வாசனையுமாக வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு பானையையும் திறந்து பார்த்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, அவளைக் கூச்சப்பட வைத்தது. அன்று சாயங்காலம் அவள் ஐஸ் கம்பெனிக் கொட்டகைக்குப் போனாள்.

"டாக்டரம்மா, நாளைக்கி அடுத்த கோட்டைத் தொடாதிய."

தாரிணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன்க்கா?"

"அதுக்கு முன்னால நான் அவுகளுக்கு யாருமில்ல."

தாரிணி சுரண்டுகிற இயந்திரத்தைக் கீழே வைத்தாள். அவளுடைய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தினமும் எத்தனை கோடு முடிந்தது என்று கேட்டு ஃபோன் வருவது பெர்பெத்துவுக்கும் தெரியும். "இந்தக் கோட்டுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அது தீர்ற வரைக்கும் இதையே சுரண்டுறேன். அப்புறம் நீங்க சொல்லுங்க" என்றாள்.

அதனால் கல்யாண வருடத்துக் காற்று மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. ஊர் முதலில் கண்டுகொள்ளாமல் இருந்தது, பிறகு கருவாட்டுக்காரிகள் முணுமுணுத்தார்கள், பிறகு இஞ்ஞாசி டீக்கடையில் "ஒரு காத்தையே எம்புட்டு நாளைக்கிவே மூக்குல ஏத்துதது" என்று சத்தமாகவே கேட்டார். ஆனால் பெர்பெத்துவிடம் வந்து யாரும் கேட்கவில்லை. தெருவில் நடக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அவளுக்கு முதலில் இனித்தது. காலையில் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்தாள், காற்று வந்தது, பானைகளைத் திறந்து பார்த்தது, முந்தானையை இழுத்தது. மறுநாளும் அதே வரிசையில் அதே பானைகளைத் திறந்து பார்த்தது. அவள் மீன்குழம்பு வைத்த நாளும் கஞ்சி வைத்த நாளும் அதற்கு ஒன்றுதான். அவள் தலையில் கருகருவென்று இருந்த கூந்தலைத் தேடிக் கோதிப் பார்த்துவிட்டு, நரைத்த சிண்டைக் கண்டு ஒவ்வொரு நாளும் புதிதாகத் திகைத்துப்போயிற்று. அடுப்படியில் குனிந்து நின்று, இப்போதாவது போயிட்டு வாரேன் என்று சொல்லுமா, சொன்னால் இந்தத் தடவை பதில் சொல்லிவிடலாமே என்று அவள் காது கொடுத்துக் கேட்டாள். அது வரும், வந்துகொண்டே இருக்கும், போகிறேன் என்று சொல்லவே சொல்லாது. வந்த ஒருவனுக்கா, போன ஒருவனுக்கா, யாருக்காகத் தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒருநாள் மதியம் காற்று முந்தானையை இழுத்தபோது, தன்னையும் அறியாமல் "விடுங்க, வேலை கெடக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கு அழுகை வந்தது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தனை வருடமும் அழாததையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள், காற்று அதற்கும் பானைகளைத்தான் திறந்து பார்த்தது.

அன்று சாயங்காலம் அவளே கொட்டகைக்குப் போனாள். கோட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"அடுத்ததை எடுங்க டாக்டரம்மா" என்றாள்.

மறுநாள் காலையில் பெர்பெத்து பூ வைத்துக்கொள்ளவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து உளுவை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருடத்துக் காற்று கடலிலிருந்து ஏறி வந்தது, தார் வாசனையும் பீடி வாசனையும் அதில் இருந்தன, வயசுப் பையன் ஒருவன் சீட்டியடித்துக்கொண்டு வருவதைப் போலத் துள்ளிக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக் கடல்பக்கக் கதவு திறந்தே கிடந்தது. காற்று அதைப் பார்க்கவில்லை. தெருவோரமாக உட்கார்ந்து மீன் சீவுகிற ஒரு வயதான பொம்பளைமேல் மண் விழாமல் மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கி, அவளைத் தாண்டி, தெற்குத் தெருவில் அவன் அம்மாவின் வீடு இருந்த இடத்துக்கு, இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிற இடத்துக்குத் திரும்பியது.

அதற்கு அவளைத் தெரியவில்லை. பெர்பெத்து அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். அந்த ஊரில் யாரும் யாரிடமும் வழியனுப்பும் சொல்லை ஒற்றையாகச் சொல்ல மாட்டார்கள், கடன் கேட்டு வந்த பகையாளியிடம்கூட வாங்க என்பதையும் சேர்த்துத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

"போங்க" என்றாள்.

காற்று தெருமுனையில் திரும்பி மறைந்தது. அவள் மீனை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் போய்க் கடல்பக்கக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் அத்தனை வருடமும் அசையாமல் துருவேறிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, அசைத்து அசைத்து, உலை கொதிப்பதற்குள் போட்டுவிட்டாள்.